வெர்னாவின் இரண்டாவது எபிசோட்

பர்பாங்க் நகரத்து டிவி ஸ்டூடியோக்களில் வெர்னா ஸ்டோவைத் தெரியாத ஒப்பனைக்காரர் கிடையாது. ஆனால் அவளை டிவியில் பார்த்ததாகச் சொல்லக்கூடிய ஆள் அந்த வட்டாரத்தைத் தாண்டினால் கிடைப்பது அரிது. அவள் நடித்ததெல்லாம் முதல் எபிசோட்களில்தான்.

ஒவ்வொரு வருஷமும் வசந்தம் வந்தால் சேனல்காரர்கள் புதுச் சிரிப்புத் தொடர்களுக்கு மாதிரியாக ஒரே ஒரு எபிசோட் எடுத்துப் பார்ப்பார்கள். தொழிலில் அதற்கு பைலட் என்று பெயர். மே மாதம் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது என்று முடிவு செய்வார்கள். பெரும்பாலானவை அலமாரிக்குப் போய்ச் சேரும். தப்பிப் பிழைத்த தொடரிலும் யாராவது ஒருவரை மாற்றாமல் விடமாட்டார்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் வெர்னாவாக இருப்பாள்.

அறுபதுகளில், கறுப்பு வெள்ளைக் காலத்தில், அவள் ஏப்ரன் கட்டிய இளம் மனைவி. கணவனின் முதலாளி விருந்துக்கு வரும் நாள் பார்த்து வான்கோழியைக் கருக்கிவிடுவாள். படம் முடிந்ததும் பொதுஜனங்கள் கொஞ்சம் பேரை ஓர் அறையில் உட்காரவைத்து ஆளுக்கொரு குமிழைக் கையில் கொடுத்தார்கள். பிடித்தால் வலப்பக்கம் திருப்ப வேண்டும், பிடிக்காவிட்டால் இடப்பக்கம். வெர்னா வந்தபோதெல்லாம் இடப்பக்கம் திருப்பினார்களாம். இரண்டாவது எபிசோடில் அதே ஏப்ரனை வேறொருத்தி கட்டியிருந்தாள். எழுபதுகளில் சோபாவில் உட்கார்ந்துகொண்டு கணவனோடு போரைப் பற்றிக் கத்திச் சண்டை போட்டாள். எதிரே வரிசை வரிசையாக ஜனங்கள் உட்கார்ந்து சிரித்தார்கள். அது அலமாரிக்குப் போயிற்று. எண்பதுகளில் மெல்லிய பியானோ ஒலிக்கப் பிள்ளையைக் கட்டிப்பிடித்துப் புத்தி சொல்லும் அத்தை வேஷம். அந்தத் தொடர் வருஷக்கணக்கில் ஓடியது. அத்தை எங்கே போனாள் என்று அதில் ஒரு பாத்திரம்கூடக் கேட்கவில்லை.

ஆரம்பத்தில் அழுதாள். அப்புறம் கோபப்பட்டாள். பிறகு இரண்டும் நின்றுபோய், மழைக்காலம் வந்து போவதுபோல வேஷம் கிடைப்பதும் பறிபோவதும் வந்து போக ஆரம்பித்தன.

அந்த வருஷம், தொண்ணூற்றெட்டில், ஏஜென்ட் நார்ம் செல்டின் கூப்பிட்டபோது அவள் வேண்டாம் என்று சொல்வதாகத்தான் இருந்தாள். முழங்கால் வலி. ஃப்ரெஸ்னோவில் இருக்கும் மகள் கூடவே வந்து இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். விவாகரத்தான மகன் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பி வருகிறான், அவனுடைய அம்மா வேஷம் என்றார் நார்ம். அப்பாவாக யார் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாள். லைல் பிராண்ட் என்றார். எழுபதுகளில் அவளோடு சோபாவில் சண்டை போட்ட அதே லைல். வெர்னா ஒத்துக்கொண்டாள்.

முதல் நாள் ஒத்திகையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. லைலுக்கு வசனம் மனதில் நிற்கவில்லை.

சிரிப்புத் தொடரில் வசனம் தினமும் மாறும். மாற்றிய பக்கங்களை நீலம், ரோஜா, மஞ்சள் என்று நாளுக்கொரு நிறத் தாளில் கொண்டுவந்து கையில் திணிப்பார்கள். மற்றவர்கள் நீலத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு ரோஜாவைப் படிப்பார்கள். லைல் எல்லா நிறத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, எதில் தொடங்குவது என்று தெரியாமல் புரட்டிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் ஒரு தடவை படித்தால் போதும், எதிராளியின் வசனத்தையும் சேர்த்துச் சொல்கிற மனிதர் அவர்.

வெர்னா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தன் வசனத்தின் கடைசியில் ஒரு கேள்வியை ஒட்டவைத்தாள். லைல் சொல்ல வேண்டிய பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடுவார். கார் பட்டறையில் கிடக்கிறது என்று சொன்னார். அவளே தினமும் வான் நைஸில் இருந்த அவர் வீட்டுக்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டு வந்தாள். கார் பட்டறையிலிருந்து வரவேயில்லை. அவளும் கேட்கவில்லை.

படப்பிடிப்பு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜனங்கள் பேருந்துகளில் வந்து இறங்கி எதிரே படிக்கட்டு வரிசைகளில் உட்கார்ந்தார்கள். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் அவர்கள் சோர்ந்துவிடாமல் இருக்க, ஒலிபெருக்கி பிடித்த ஒருவன் மிட்டாயை வீசி எறிந்து வேடிக்கை பேசிக்கொண்டிருந்தான். முக்கியமான காட்சி வந்தது. மகன் பெட்டியை வைத்துவிட்டு, என் அறை அப்படியே இருக்கிறதா என்று கேட்பான். அப்பா, அதில் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் போட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

லைல் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. திரும்பி வெர்னாவைப் பார்த்தார். கடல் நடுவில் துடுப்பைத் தவறவிட்டவனின் பார்வை அது.

"என்னை எதுக்குப் பாக்குற?" என்றாள் வெர்னா. "அவன் ரூமுக்குள்ள ரயில் விட்டது நானா? நீயே சொல்லு."

லைல் சற்று யோசித்தார். "நீ சொன்னாத்தான் நல்லா இருக்கும்," என்றார் நிதானமாக. "நாப்பது வருஷமா எனக்கும் சேத்து நீதானே பேசுற?"

ஜனங்கள் சிரித்த சிரிப்பில் விளக்குகள் மாட்டிய கம்பிகள் அதிர்ந்தன. மகனாக நடித்தவனும் அடக்க முடியாமல் சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டான். இயக்குநர் நிறுத்தவில்லை. தொடரை எழுதியவள் ஜோடி லிண்ட்க்விஸ்ட் என்ற முப்பதைத் தாண்டாத பெண். காட்சி முடிந்ததும் அவள் ஓடி வந்து இருவரையும் கட்டிக்கொண்டாள். நான் எழுதியிருந்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்றாள். லைல் குனிந்து வணக்கம் வைத்தார். நிமிர்ந்ததும், அடுத்து என்ன காட்சி என்று வெர்னாவின் காதில் கேட்டார்.

மே மாதம் நார்ம் ஃபோன் செய்தார். தொடரை எடுத்துக்கொண்டார்கள். அந்த ரயில் காட்சிக்குக் குமிழ்கள் எல்லாம் வலப்பக்கம் போய் முட்டி நின்றனவாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார் நார்ம். அந்த மாதிரி விசாரிப்பை வெர்னா இதற்கு முன் பல தடவை கேட்டிருக்கிறாள்.

"எனக்குப் பதிலா யாரைப் போட்டிருக்காங்க?" என்று கேட்டாள்.

"பெரிய பேரு ஒண்ணு கெடச்சிருக்காம், கண்ணு. உன் மேல குத்தமே இல்ல. சுவரொட்டியில போட ஒரு மொகம் வேணுமாம்."

"சரி, நார்ம்."

"கத்துறதுன்னா கத்திடு. நான் கேட்டுக்கறேன்."

"அதுக்கெல்லாம் தெம்பு இல்ல நார்ம். வச்சிடறேன்."

உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சை முழுக்க உரித்துச் சாப்பிட்டாள். பிறகு படுத்துத் தூங்கிவிட்டாள். மகளிடம் சொன்னபோது மகள்தான் கொதித்தாள். வெர்னாவுக்கு அவளைச் சமாதானப்படுத்துவதும் ஒரு வேலையாகப் போயிற்று.

ஆகஸ்டில் லைல் கூப்பிட்டார். திங்கட்கிழமை வேலை ஆரம்பிக்கிறதே, எத்தனை மணிக்கு வந்து ஏற்றிக்கொள்வாய் என்று கேட்டார். குரலில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் சந்தோஷம். அவரிடம் யாரும் சொல்லவில்லையா, சொல்லியும் மறந்துவிட்டாரா என்று அவளுக்குப் புரியவில்லை. ஃபோனில் சொல்கிற விஷயமில்லை என்று காரை எடுத்துக்கொண்டு போனாள்.

வான் நைஸில் அவர் குடியிருந்தது மாடியில் ஓர் அறையும் சமையல் மூலையும் உள்ள வீடு. மனைவி ஆட்ரி இறந்த பிறகு அங்கே வந்தவர். குளிர்பெட்டிக் கதவு, அலமாரி, விளக்கு சுவிட்சுக்கு மேலே என்று எங்கு பார்த்தாலும் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. அடுப்பை அணை. சாவி சட்டைப் பையில். ஆட்ரி இல்லை. கடைசிச் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு வெர்னா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நடந்ததைச் சொன்னாள். லைல் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். கீழே யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப கேள்வியெல்லாம் எனக்கு யாரு கேப்பா?" என்றார் கடைசியில்.

வெர்னா நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குத் தெரியும், வெர்னா. மறந்துபோறேன்தான். முட்டாளாயிடல. நீ கேட்ட ஒவ்வொரு கேள்வியும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்ட மாதிரி இருந்துச்சு."

"டாக்டர்கிட்டப் போனியா?"

"போனேன். மெதுவாத்தான் போகும்னாரு. எது மெதுவாப் போகும்னு கேக்க மறந்துட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அது வேடிக்கையா நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவருக்கும் இரண்டாவது எபிசோட் அமைந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவரை இப்படியே தனியாக அனுப்பினால் ஜனங்கள் முன்னால் அவமானப்பட்டு நிற்பார். அனுப்பாவிட்டால் இந்தச் சீட்டுகளோடு இங்கேயே உட்கார்ந்திருப்பார். எதை யோசித்தாலும் அவளுக்கு அசதியாக இருந்தது.

இதைத் தொடரை எழுதுகிற ஜோடியிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம் என்றாள். லைல் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஜோடியின் அறை முழுக்க அட்டைப் பெட்டிகள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வெர்னாவை வைத்துக்கொள்ளச் சொல்லித் தான் போராடித் தோற்றதை வந்ததும் வராததுமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். லைல் இரண்டே வாக்கியத்தில் தன் நிலைமையைச் சொன்னார். ஜோடி எழுந்து கதவைச் சாத்தினாள். சேனல் காசு போட்டதே அந்த ஒரு காட்சிக்காகத்தான். அது நடிப்பில்லை என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது.

திரும்பி வந்து உட்கார்ந்து அவள் ஒரு வழி சொன்னாள். லைல் வெர்னா இல்லாமல் நடிக்கமாட்டார் என்று மட்டும் சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டாம். பெரிய பெயரோடு ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை, சேனல் இறங்கி வரும்.

"வாரா வாரம் ரெண்டு பேர் வசனத்தையும் நான் தூக்கணும். அதானே?" என்றாள் வெர்னா.

ஆமாம் என்று ஜோடி தலையாட்டினாள்.

"செய்றேன். ஆனா பொய் வேண்டாம். உங்க எழுத்தாளருங்க எல்லாருக்கும் தெரியணும். இவனுக்குச் சின்னச் சின்ன வசனமா எழுதுங்க. எழுதினதைக் கடைசி நாள்ல மாத்தாதீங்க. இவன் போதும்னு சொல்ற அன்னிக்கு யாரும் இவனை நிறுத்தி வைக்கக் கூடாது."

"சேனலுக்கும் சொல்லணுமா, வெர்னா?"

"சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும். நாங்க வீட்டுக்குப் போறோம்."

ஜோடி சொன்னாள். சேனல்காரர்கள் இரண்டு நாள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில், அந்தக் குமிழ்கள் வலப்பக்கம் திரும்பியது இந்த இருவரையும் சேர்த்துப் பார்த்துத்தான் என்று யாரோ நினைவுபடுத்த, அரைமனதோடு சரி என்றார்கள்.

முப்பத்துச் சொச்சம் வருஷம் கழித்து வெர்னாவுக்கு இரண்டாவது எபிசோட் வந்தது. அன்று என்னவோ ஆகும் என்று அவள் உள்ளூர நினைத்திருந்தாள் போலும். அதே சோபா, அதே தட்டில் காய்ந்த டோனட், அதே மிட்டாய் வீசுகிறவன். கால் வலித்தது. லைல் வசனத்தைத் தவறவிட்டார், அவள் கேள்வி கேட்டாள், ஜனங்கள் சிரித்தார்கள். முடிந்ததும் காரில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். இதற்காகவா இத்தனை வருஷம் ஏங்கினோம் என்று வண்டியை ஓட்டியபடியே நினைத்தாள். ஆனால் பக்கத்தில் லைல் விரல்களால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சில வாரங்கள் அவர் பழைய லைலாகவே இருந்தார். செய்தித்தாள் படிப்பதுபோல உட்காரவைத்து, உள்ளே அவருடைய வசனங்களைப் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்தார்கள். சில வாரங்களில் அதுவும் உதவவில்லை. வெர்னா இரண்டு பேருக்கும் பேசி, வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாய்ந்துவிடுவாள். நவம்பரில் ஒரு படப்பிடிப்பின் நடுவில் லைல் சோபாவை விட்டு எழுந்து, ஆட்ரி எங்கே என்று கேட்டார். ஜனங்கள் சிரித்தார்கள். கேமராக்கள் நின்றன.

வெர்னா அவர் கையைப் பிடித்து அலங்காரச் சுவருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். பலகையும் முட்டுக்கட்டையுமாக இருந்த அந்த இடத்தில் ஒரு பெட்டி மேல் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"இது யார் வீடு?" என்றார் லைல்.

"யார் வீடும் இல்ல. சாயங்காலம் பிரிச்சிடுவாங்க."

"நான் சரியாப் பண்றேனா?"

"பண்ற."

"எனக்குப் போதும்போல இருக்கு, வெர்னா."

"சரி. போதும்."

ஜோடி வாக்குத் தவறவில்லை. ஒருவரும் அவரை நிறுத்தி வைக்கவில்லை. அவர் இல்லாமல் எடுத்த எபிசோட் எடுபடவில்லை. தொடரை வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு மாற்றிப் பார்த்தார்கள், யாரும் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். வெர்னாவுக்கு வருத்தம் வரவில்லை. அன்று மத்தியானமே நன்றாகத் தூங்கினாள். லைலை மலைப்பக்கமாக இருந்த முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போனாள். சில ஞாயிறுகளில் அவர் அவளை வெர்னா என்றார், சில ஞாயிறுகளில் ஆட்ரி என்றார். இரண்டுக்கும் பதில் சொன்னாள்.

பிப்ரவரியில் நார்ம் கூப்பிட்டார்.

"ஒரு பைலட் வந்திருக்கு, கண்ணு. தனியா இருக்கற பாட்டி. மாடி வீட்டுப் பசங்களைத் திட்டிக்கிட்டே இருப்பா."

"புருஷனா யாரு?"

"புருஷன் கெடையாது. கதைப்படி செத்துட்டாரு."

வெர்னா வலிக்கிற முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"நல்லது," என்றாள். "எத்தனை மணிக்கு வரணும்?"