இருபதில் இரண்டைக் கழித்தவள்

கெட்டுப்போன முட்டைகளை உடைத்துப் பார்க்கும் வேலையை மூத்தவள் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. காலை வெயிலில் எருக்குழியின் ஓரம் குந்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டித் திறந்தாள். எல்லாம் பத்தொன்பதாம் நாள் முட்டைகள். உள்ளே குஞ்சு முழுசாக இருந்தது. தூவி, அலகு, நகம் எல்லாம் வந்திருந்தன, உயிர்தான் இல்லை. முந்நூறில் முப்பதைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

“போதும். மிச்சத்துலயும் இதே கதைதான் இருக்கும்.”

பக்கத்தில் வாளியோடு நின்றவள் இளையவள். இருவரும் ஓரகத்திகள், அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் இளையவள். அண்ணனும் தம்பியும் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு வாரத்தில் ஐந்து நாள் சாலையிலேயே கிடந்தார்கள். வீட்டையும், வீட்டுக்குப் பின்னால் இருந்த கோழிக்குஞ்சு பொரிப்பகத்தையும் பெண்கள் இருவரும்தான் கட்டி மேய்த்தார்கள். இளையவள் பதினோரு வருடம் மருந்துக் கடையில் மருந்து கலந்து கொடுத்தவள். டீக்குச் சர்க்கரை போடுவதானாலும் அளந்துதான் போடுவாள். அதைப் பார்த்துப் பார்த்து மூத்தவள் அவளுக்கு ‘மில்லி’ என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது கணவன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான்.

மின்சாரக் கம்பங்கள் கல்குவாரியோடு நின்றுவிட்டிருந்தன. அங்கிருந்து வீடு வர இன்னும் பதினேழு கம்பம் நட வேண்டும். மின்வாரிய அலுவலகத்தில் நான்கு வருடமாக “பார்க்கலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் கூரையில் சோலார் பேனல், கீழே பேட்டரி. பகலில் குறை இல்லை. இருட்டிய பிறகு, முட்டையை அடைகாக்கும் இன்குபேட்டரின் சூட்டைத் தாங்க வேண்டியது பேட்டரி. அது மூன்றாவது முறையாகக் கையை விரித்துவிட்டது.

“இனிமே முட்டை வைக்கிறதில்ல மில்லி,” என்றாள் மூத்தவள். “அந்த அறையைத் தீவனக்காரர் மூட்டை அடுக்கக் கேட்டுட்டு இருக்கார். விட்டுடலாம். என்னால இதைத் திரும்பத் திரும்ப உடைச்சுப் பாக்க முடியாது.”

“ரெண்டு மாசம் குடுங்கக்கா.”

“ரெண்டு மாசத்துல என்ன ஆகப்போகுது?”

“ஏன் சாகுதுன்னு கண்டுபிடிக்கிறேன்.”

“குஞ்சா?”

“பேட்டரி.”

மூத்தவள் வாளியை வாங்கிக்கொண்டாள். “ரெண்டு மாசத்துக்குள்ள முட்டை உள்ள போகணும். ஒரு நாள் தள்ளினாலும் மூட்டைதான்.”

*

செத்த பேட்டரிகளை மில்லி ஊருக்குள் இருந்த பேட்டரிக் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது ஈய பேட்டரிம்மா. பாதிக்கு மேல காலி பண்ணினா ஆயுசு போயிடும். நீங்க தினம் அடி வரைக்கும் வழிச்சு எடுத்திருக்கீங்க.”

“இதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே.”

“நீங்க பேட்டரி கேட்டீங்க, குடுத்தேன். என்ன சமைக்கப் போறீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே.” கொஞ்சம் சங்கடப்பட்டவர்போல் மேசையைத் துடைத்தார். “லித்தியம் போடுங்க. கனமில்ல, வேலையில்ல, வச்சிட்டு மறந்துடலாம்.”

விலையைச் சொன்னார். மில்லி தலையாட்டினாள், அது வாங்குகிற தலையாட்டல் இல்லை.

“அடி வரைக்கும் காலி பண்ணினாலும் சாகாத பேட்டரி வேற எதுவுமே இல்லையா?”

அவர் சிரித்தார். “ஒண்ணு இருக்கு. நிக்கல்-இரும்பு. ரயில் சிக்னலுக்குன்னு ஒரு காலத்துல வச்சிருந்தாங்க. ரயில்வே யார்டுல இன்னும் ஒரு வரிசை கிடக்கு. தண்ணியா குடிக்கும், உள்ள போற கரண்டுல பாதியத் தின்னுட்டு மிச்சத்தைத்தான் திருப்பித் தரும், ஒவ்வொண்ணும் கல்லு கனம். என்ன, அடிச்சாலும் சாகாது. பழைய இரும்புக்காரனே தூக்க யோசிக்கிறான்.”

“எந்த யார்டு?” என்றாள் மில்லி.

அன்றே அங்கே போய்விடவில்லை. ஒரு வாரம் படித்தாள். போனில் கிடைத்ததையெல்லாம் மருந்துக் கடை டைரி ஒன்றில் எழுதினாள். ஈயம், லித்தியம், நிக்கல்-காட்மியம், நிக்கல்-இரும்பு என்று ஆளுக்கொரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் குணம் ஒரு பத்தி, பக்கவிளைவு ஒரு பத்தி. நிக்கல்-இரும்புக்குப் பக்கவிளைவுப் பத்திதான் நீளம். சும்மா வைத்திருந்தாலே கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் இறங்கும். சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு வரும், அதனால் மூடிய அறையில் வைக்கக் கூடாது. அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும். குணம் என்ற பத்தியில் மூன்று வரிதான் இருந்தது. அதில் ஒரு வரியின் கீழே இரண்டு கோடு போட்டாள்: முழுக்கக் காலியானாலும் கெடாது.

யார்டின் ஸ்டோர் கீப்பர் தூசி மூடிய மரத் தட்டில் இருபது செல்களைக் காட்டினார். இரும்புப் பெட்டிகள், மேலே ஒரு மூடி, இரண்டு முனை. ஒன்பது வருடமாக யாரும் தொடவில்லை. “எடைக்குத்தான் குடுப்போம். ஓடும், ஓடாதுன்னு கேக்கக் கூடாது,” என்றார். மரத் தட்டின் உள்பக்கம் மஞ்சளேறிய ஒரு தாள் ஒட்டியிருந்தது, பராமரிப்புக் குறிப்பு. கிழிந்துவிடாமல் அதைச் சுரண்டி எடுக்க மில்லிக்கு அரை மணி ஆயிற்று. பெட்டிகளைவிட அதைத்தான் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

வார இறுதியில் அண்ணன் தம்பி இருவரும் செல்களை லாரியிலிருந்து இறக்கினார்கள். நான்காவது பெட்டியிலேயே அவள் கணவனுக்கு மூச்சு வாங்கியது.

“இருபது வருஷமா லோடு அடிக்கிறேன். இப்படி ஒரு சீதனம் பாத்ததில்ல,” என்றான்.

*

பொரிப்பகத்தின் பக்கவாட்டில், நாலாபக்கமும் காற்று ஓடும் ஒரு கொட்டகையில் வேலை ஆரம்பமானது. பழைய காரக் கரைசலை வெளியேற்ற வேண்டும், செல்லைக் கழுவ வேண்டும், காஸ்டிக் பொட்டாஷைத் தண்ணீரில் கரைத்துப் புதிய கரைசல் ஊற்ற வேண்டும். மில்லி முழங்கை வரை கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டாள், மூத்தவளுக்கும் மாட்டிவிட்டாள். பக்கத்தில் இரண்டு அண்டா நிறையத் தண்ணீர்.

“தண்ணியில பொட்டாஷைப் போடணும்கா. பொட்டாஷ் மேல தண்ணிய ஊத்தவே கூடாது. பொங்கி மூஞ்சியில அடிச்சிடும்.”

“நீ ஊத்து. நான் தள்ளி நின்னு பயப்படுறேன்.”

எடை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, சூடு ஆறக் காத்திருந்து, மறுபடி தூவினாள். மருந்துக் கடையில் கற்ற பொறுமை அத்தனையும் இங்கே கை கொடுத்தது. ஆறு நாளில் இருபது செல்லும் நிரம்பின. கரைசலின் அடர்த்தி சரிதானா என்று பார்க்க அலமாரியிலிருந்த கண்ணாடிக் குழாயை எடுத்து முதல் செல்லில் விட்டாள். சரியாக இருந்தது. இரண்டாவது சரி. மூன்றாவதில் விட்டு எடுக்கும்போதுதான் குழாயின் ரப்பர் குமிழ் கண்ணில் பட்டது. ஈய பேட்டரியில் அமிலம் பார்க்க நான்கு வருடமாகப் பயன்படுத்திய அதே குழாய். மஞ்சள் தாளில் முதல் வரியே, அமிலம் பட்ட எந்தப் பொருளும் இந்தச் செல்லுக்குள் போகக் கூடாது என்றுதான் இருந்தது. அவள் அதை இருபது தடவையாவது படித்திருப்பாள்.

சொல்லாமல் மூடி வைத்துவிடலாம். ஒரு நிமிடம் அந்த எண்ணமும் வந்தது. பிறகு கையுறையைக் கழற்றாமலே கோழிக்கொட்டகைக்குப் போனாள்.

“அக்கா, மூணு செல்லை நான் கெடுத்துட்டேன்.”

மூத்தவள் தீவனத் தட்டைக் கீழே வைத்தாள். “எப்படி?”

சொன்னாள்.

“ஒரு மில்லி தப்பாது உனக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறேன்,” என்றாள் மூத்தவள். கோபம் வருமென்று மில்லி காத்திருந்தாள். வந்தது வேறு. “சரி, மூஞ்சிய அப்படித் தொங்கப்போடாத. திரும்பக் கழுவினா போகுமா?”

“போகலாம். தெரியாது.”

“அப்ப வா, கழுவுவோம். தெரியலன்னா தெரிஞ்சுக்குவோம்.”

மூன்றையும் கவிழ்த்து, ஐந்து முறை அலசி, மறுபடி நிரப்பினார்கள். இரண்டு தேறின. ஒன்று சவலையாகவே நின்றது. அந்தக் கண்ணாடிக் குழாயை மூத்தவள் எடுத்துப்போய் எருக்குழிக்குள் வீசினாள்.

*

ஆனால் பெரிய சிக்கல் அங்கே இல்லை. நாள் முழுக்க வெயிலடித்தும் செல்கள் நிறையவே இல்லை. மாலை ஆறு மணிக்குக் கரண்டை எடுக்க ஆரம்பித்தால் பத்து மணிக்கே படுத்துவிட்டன. ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். பழைய செல்கள் பழகப் பழகத்தான் தேறும் என்று தாளில் இருந்தது. இரண்டு வாரம் கழிந்தும் தேறவில்லை. தீவனக்காரர் ஒரு நாள் வந்து அறையை நாடா வைத்து அளந்துகொண்டு போனார். மூத்தவள் அவரைத் தடுக்கவில்லை.

மறுநாள் காலை மில்லி ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு செல்களின் முன்னால் உட்கார்ந்தாள். மீட்டரும் டைரியும் மடியில். மணிக்கொரு முறை ஒவ்வொரு செல்லாக அளந்து எழுதினாள். நண்பகலில் மொத்தம் இருபத்தெட்டு புள்ளி எட்டு வோல்ட்டைத் தொட்டதும், பேனலிலிருந்து வரும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி “நிறைந்துவிட்டது” என்று பச்சை விளக்குக் காட்டிக் கரண்டை நிறுத்திக்கொண்டது. அந்தப் பெட்டி ஈய பேட்டரிக்கென்று செய்தது. அந்த எண்ணை மாற்ற அதில் வழியே இல்லை.

இருபத்தெட்டு புள்ளி எட்டை இருபதால் வகுத்தாள். ஒன்று புள்ளி நாலு நாலு. மஞ்சள் தாளைப் பார்த்தாள். ஒரு செல் நிறைய வேண்டுமானால் குறைந்தது ஒன்று புள்ளி ஆறாவது வேண்டும். அரை வயிறு சாப்பாட்டைப் போட்டுவிட்டு, ஏன் ஓடவில்லை என்று இரண்டு வாரமாக அவற்றைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மருந்துக் கடையில் மாத்திரையின் வீரியத்தை அவளால் மாற்ற முடியாது. எத்தனை மாத்திரை என்பதை மாற்றலாம். பேனாவை எடுத்து அதே எண்ணைப் பதினெட்டால் வகுத்தாள். ஒன்று புள்ளி ஆறு. மீதி இல்லாமல் வந்தது.

சவலைச் செல்லையும் அதன் பக்கத்துச் செல்லையும் கழற்றிக் கீழே வைத்துக்கொண்டிருக்கும்போது மூத்தவள் வந்து நின்றாள்.

“என்னடி, இருக்கறதையும் கழட்டுற?”

“ரெண்டைக் குறைச்சா மிச்சம் பதினெட்டுக்கும் வயிறு நிறையும்கா.”

“குறைச்சா கூடுமா?”

“இந்தக் கணக்குல கூடும்.”

“உன் கணக்கு உனக்கு,” என்று சொல்லிவிட்டு, மூத்தவள் ஸ்பானரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று பிற்பகல் முதல்முறையாகச் செல்களுக்குள் கொதிக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது. நிறைகிறபோது வாயு கிளம்பும் சத்தம். அடுத்த நாள் விடியும்போது மின்சாரம் இன்னும் இருந்தது.

உடனே முட்டை வைத்துவிடலாம் என்றாள் மூத்தவள். மில்லி ஒப்பவில்லை. இன்குபேட்டரில் முட்டைக்குப் பதில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, பத்து நாள் ஓட்டினாள்.

“பாட்டில் எப்ப பொரியும் மில்லி?” என்று மூத்தவள் தினமும் காலையில் கேட்டாள். பத்தாம் நாள் கேட்கவில்லை. சூட்டு அளவு எழுதிய தாளை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கோழிக்கொட்டகைக்குக் கூடையோடு போனாள். கொடுத்த கெடுவில் இன்னும் மூன்று நாள் மீதி இருந்தது.

*

முட்டை வைத்த பன்னிரண்டாம் நாள் வானம் மூடிக்கொண்டது. மழை ஒரேயடியாகக் கொட்டவில்லை. நசநசவென்று நாள் கணக்கில் தூறியது. பேனலில் வர வேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. மில்லி வீட்டு விளக்கை நிறுத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள், குளிர்பெட்டியைக் காலி செய்து கதவைத் திறந்துபோட்டாள். இருக்கும் கரண்டெல்லாம் முட்டைக்கு. அப்படியும் ஐந்தாம் நாள் நண்பகலில் இன்குபேட்டரின் விசிறி மெல்ல நின்றது. செல்கள் அடிவரை காலி.

மில்லியின் கணவன் போன் செய்தான். “எங்கயாவது ஜெனரேட்டர் கேட்டு எடுத்துட்டு வரட்டுமா?”

“குவாரிப் பாதை முழுக்கத் தண்ணி. லாரி மாட்டிக்கும். நீங்க வர வேணாம்.”

மூத்தவள் ஏற்கெனவே அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். பத்து நாள் கேலி செய்த அதே பாட்டில்களில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, துணி சுற்றி, முட்டைத் தட்டுகளுக்கு இடையில் செருகினார்கள். பெட்டியைச் சுற்றி வீட்டிலிருந்த போர்வை அத்தனையும் ஏறின. ஆறிய பாட்டிலை எடுப்பது, சூடானதை வைப்பது.

“பேட்டரி இந்தத் தடவையும் போயிடுச்சா?” என்று ஒரே ஒரு முறை கேட்டாள் மூத்தவள்.

“காலிதான் ஆயிருக்கு. போகல.” மில்லிக்கே அது முழுதாகத் தெரியாது. அந்த இரண்டு கோடு போட்ட வரியை மட்டும் நம்பிச் சொன்னாள்.

மூன்றேகால் மணிக்கு மேகம் கிழிந்து வெயில் விழுந்தது. மில்லி மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முள் முதலில் அசையவில்லை. பிறகு ஏறியது, நின்று நின்று, ஆனால் ஏறியது. ஒரு மணி நேரத்தில் விசிறி சுழன்றது. அடுத்த இரண்டு நாளும் நல்ல வெயில். பதினெட்டு செல்களும் ஒன்றுமே நடக்காததுபோல் நிறைந்து கொதித்தன. ஈய பேட்டரியாக இருந்திருந்தால் அது நான்காவது சாவு.

குஞ்சுகள் ஒரு நாள் தாமதமாக, இருபத்திரண்டாம் நாள் ஓட்டைக் கொத்த ஆரம்பித்தன. முந்நூறில் இருநூற்று ஏழு. மூத்தவள் இரண்டு தடவை எண்ணினாள். இரண்டாவது தடவை பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் எண்ணிக்கை தவறிப்போய், மூன்றாவது முறையும் எண்ண வேண்டியதாயிற்று.

செய்தி கேட்டுப் பேட்டரிக் கடைக்காரர் தானே பார்க்க வந்தார். கொட்டகையைச் சுற்றி வந்து, தூணில் மாட்டியிருந்த மஞ்சள் தாளைப் படித்து, இணைப்புகளைத் தட்டிப் பார்த்தார். “லித்தியம் போட்டிருந்தா இவ்வளவு பாடு பட வேணாம்.”

“உண்மைதான்,” என்றாள் மில்லி. “இது மாசம் ஆறு லிட்டர் தண்ணி குடிக்குது. வெயில்ல நிறைய வீணாக்குது. இன்னும் நாலு பேனல் போட்டாதான் மழைக்காலம் தாங்கும். பழைய பேனல் இருந்தா சொல்லுங்க.”

அவர் இணைப்பிலிருந்து கையை எடுத்தார். “மூலை உடைஞ்சது நாலு கிடக்கு. கரண்டு வரும். எடுத்துக்கங்க.” வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். “அந்த மஞ்சள் தாளை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?”

அடுத்த வாரம் மில்லி அந்தப் பேனல்களைக் கூரையில் பூட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்தபோது இன்குபேட்டரின் கண்ணாடிக்குப் பின்னால் புது முட்டைகள் வரிசையாக இருந்தன. மூத்தவள் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னைக் கேக்காம வச்சிட்டீங்களா?”

“மீட்டரைக் கேட்டேன். இருபத்தெட்டு புள்ளி ஆறுன்னுச்சு. போதும்ல?”

“போதும்,” என்றாள் மில்லி. செல்களுக்கு ஊற்றத் தண்ணீர்க் கேனைத் தேடினாள். காலையிலேயே ஊற்றியாகிவிட்டது என்று மூத்தவள் சொன்னாள்.