சின்னம்மா அவித்த மவுத் ஓர்கன்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல. அச்சில் வந்தது.

மழைக்கு ஒதுங்கி நூலகத்துக்குள் நின்றபோது ஓர் இசைப் பத்திரிகையைப் புரட்டினேன். ஹோரஸ் டில்மன் சிக்காகோவில் இறந்துவிட்டார் என்று கால் பக்கம் எழுதியிருந்தார்கள். ப்ளூஸ் மவுத் ஓர்கனில் அவருக்கு நிகர் இல்லை, அவருடைய தொனியைத் திருடித்தான் ஒரு தலைமுறையே வாசித்தது என்றெல்லாம் புகழ்ந்துவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தார்கள்: "1988இல் கிழக்கு லண்டனில் ஒரு பப்பில் அந்தத் தொனி அவரைக் கைவிட்டது. கிழவருக்கு மூச்சு முடிந்துபோயிருந்தது. அங்கே இருந்தவர்களுக்கு அது பரிதாபமான ஒரு பிற்பகல்."

அங்கே இருந்தவர்களில் நானும் ஒருத்தி. தொனி அவரைக் கைவிடவில்லை. என் சின்னம்மா அதைச் சட்டியில் போட்டு அவித்தார்.

பத்திரிகைக்கு மறுப்பு எழுதலாம் என்று நினைத்தேன். "ஐயா, நான் கிளாஸ் பொறுக்கிய பெண்" என்று தொடங்கும் மறுப்பை யார் போடுவார்கள்? ஆகவே கதை.

2

தொடக்கம் ஒன்று: "ஃபாரஸ்ட் கேட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்தது."

(கொட்டவில்லை. நாங்கள் இருந்த அந்தக் கிழக்கு லண்டன் பகுதியில் அது ஏப்ரல். லண்டன் என்றதும் பனியைக் கொட்டவிடும் கை என்னுடையதும்தான்.)

தொடக்கம் இரண்டு: "போரில் எல்லாவற்றையும் இழந்து வந்த ஒரு சிறுமியின் இதயத்தில் இசை என்னும்—"

(இப்படித் தொடங்கும் கதையை நானே வாசிக்கமாட்டேன்.)

தொடக்கம் மூன்று: "சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விம்மினார்கள்."

இது இருக்கட்டும். உண்மையும் இதுதான்.

நாங்கள் இருந்த மாடிவீட்டின் குசினிச் சுவருக்குப் பின்னால் பப்பின் ஹோல், கச்சேரி நடக்கும் மண்டபம், இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அங்கே வாசிப்பார்கள். டிரம்மும் கிட்டாரும் சுவரைத் தாண்டும்போது வெறும் இடியாகத்தான் வரும். அந்தச் சத்தத்துக்கு நாங்கள் பழகிவிட்டோம். ஆனால் அன்று வந்தது இடி அல்ல. ஒரே ஒரு சுரம். அது சுவரை இடிக்கவில்லை. சுவரில் ஓட்டை இருப்பதுபோல உள்ளே வந்து, என் பக்கத்தில் நின்றது. நான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டேன்.

நான் யாரென்று ஒரு பந்தியில் சொல்லிவிடுகிறேன், இதற்குமேல் வேண்டாம். எண்பத்து நான்கில் ஊரிலிருந்து லண்டனுக்கு வந்தேன். சின்னம்மா, சித்தப்பாவோடு இருந்தேன். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்தால் சிரித்தார்கள். திறக்காவிட்டால் டீச்சர் எழுப்பி நிறுத்தினார். பதினாறு முடிந்ததும் நின்றுவிட்டேன். "வாய் திறக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்னத்துக்கு?" என்றார் சித்தப்பா. அதற்கும் வாய் திறக்காமலே சம்மதித்தேன். பேசவேண்டியதையெல்லாம் கொப்பிகளில் எழுதி, கட்டில் மெத்தைக்கு அடியில் வைத்தேன். இன்றும் அப்படித்தான்.

3

(இந்தப் பகுதி கதையல்ல. பொறுமை இல்லாதவர்கள் நான்குக்குப் போகலாம்.)

டில்மனின் தொனி பற்றி.

மவுத் ஓர்கன் என்றால் ஊதுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். எங்கள் ஊரில் பள்ளிக்கூட விழாக்களில் அப்படித்தான் சினிமாப் பாட்டு வாசிப்பார்கள். ஊதுவார்கள், எல்லாரும் கைதட்டுவார்கள். ப்ளூஸ்காரர்கள் பெரும்பாலும் ஊதுவதில்லை. உள்ளே இழுக்கிறார்கள். மூச்சு உள்ளே போகும்போதுதான் அந்தச் சுரம் பிறக்கிறது. இழுக்கும்போது தொண்டையையும் நாக்கையும் கொஞ்சம் மாற்றினால் சுரம் வளைந்து கீழே இறங்கும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஞாயிறு தோறும் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அழுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வெளியே போவது ஓலம். உள்ளே போவது விம்மல். ஓலம் ஊருக்கு, விம்மல் தனக்கு. டில்மன் விம்மலைக் கொண்டு வாசித்தார். ஆனால் அதில் இரக்கம் கேட்கிற குரல் இல்லை. கனமாக, அகலமாக, கொஞ்சம் கரகரப்போடு, பழைய கதவு ஒன்று தனக்கு எண்ணெய் வேண்டாம் என்று சொல்வதுபோல இருக்கும்.

(உவமை சரியில்லை. வேறு கிடைக்கவில்லை. விட்டுவிட்டேன்.)

என்னைப் பிடித்தது இதுதான்: வெளியே ஒரு சொல்லும் விடாத ஒருவர், உள்ளே இழுப்பதாலேயே ஒரு ஹோலை அடக்கி வைத்திருந்தார்.

4

ஹோலுக்குள் என்னைக் கூட்டிப்போனவர் இம்மாகுலேற் அக்கா. எங்கள் ஊர்ப்பக்கத்துக் குருநகர்க்காரி, பப்பில் கிளீனிங் செய்தவர். சின்னம்மாவிடம் வந்து "ரெஸ்ரோரன்ற் வேலை" என்றார். பப் என்ற சொல்லை விழுங்கிவிட்டார்.

"கிளாஸ் எடுத்துக் கழுவினாச் சரி, சந்திரவதனா அக்கா. பிள்ளை வீட்டுக்குள்ள கிடந்து பூஞ்சணம் பிடிக்கப்போகுது."

"அவள் ஆரோடையும் கதைக்க மாட்டாள்."

"கிளாஸோட என்ன கதை?"

அப்படித்தான் நான் ஞாயிறு பின்னேரங்களில் அந்த ஹோலில் நின்றேன். டில்மன் அந்த வசந்தத்தில் லண்டனிலேயே தங்கி வாசித்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய கறுத்த, நெடிய மனிதர். மண்ணிறக் கோட், நீளமான விரல்கள். மேடையில் அவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி திறந்திருக்கும். அதில் சுருதிக்கு ஒன்றாக மவுத் ஓர்கன்கள் வரிசையாகக் கிடக்கும். வேகமான பாட்டுகளுக்குப் புதியவை. கடைசியில் ஒரு மெதுவான உருப்படி வாசிப்பார். அதற்கு மட்டும் தகடு தேய்ந்து மங்கிய பழையது ஒன்று. மைக்கையும் அதையும் சேர்த்து இரண்டு கைகளாலும் பொத்துவார். பிறகு ஒரு கையைக் கொஞ்சமாகத் திறப்பார். அவ்வளவுதான். பியர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை மேசையில் வைக்க மறந்து பிடித்தபடி இருப்பார்கள். எனக்குப் பொறுக்க ஒன்றும் இருக்காது.

"உந்தக் கிழவன்ர வாயைப் பார்த்துக்கொண்டு நிண்டா கிளாஸ் தானே நடந்து வருமோ?" என்பார் இம்மாகுலேற் அக்கா.

"வாறன் அக்கா."

"வாறன் வாறன் எண்டு நேற்றுத் தொடங்கி நிக்கிறாய்."

ஒரு ஞாயிறு, எல்லாம் முடிந்து அவர் மைக் வயர்களைச் சுருட்டும்போது, துவாயில் கிடந்த அந்தப் பழையதைப் பார்த்தபடி நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். அதை எடுத்தார். என் தட்டில், காலி கிளாஸ்களுக்கு நடுவே வைத்தார்.

"வீட்டுக்குக் கொண்டு போ, மகளே. ஊதிப் பார். அடுத்த ஞாயிறு திருப்பிக் கொண்டு வா" என்றார் ஆங்கிலத்தில்.

ஏன் தந்தார்? தெரியாது. கதையில் இதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு என் வயதில் இறந்துபோன ஒரு மகள் இருந்தாள் என்று ஒரு வரைவில் எழுதினேன். அடித்துவிட்டேன். ஒரு காரணமும் இல்லாமல் ஒருவர் எனக்கு ஒரு பொருளை நம்பித் தந்தார். அது அப்படியே இருக்கட்டும்.

5

இங்கேதான் பாத்திரம் ஒன்று எனக்கு அடங்கவில்லை.

முதல் வரைவில் சின்னம்மா வில்லி. "எவனோ குடிகாரன்ர எச்சிலை வீட்டுக்குள்ள கொண்டு வந்தியோ!" என்று கத்தி, மவுத் ஓர்கனைப் பறித்துக் கொதிதண்ணீரில் எறிகிறார். நன்றாக வந்திருந்தது. வாசிப்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். நானும் எழுதும்போது கடித்தேன்.

நடந்தது வேறு.

முதல் நாலைந்து நாள் அதை வாயில் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. எச்சில் என்பது எனக்கும்தான் ஊறிப்போனது. எங்கள் வீட்டில் ஒரே செம்பில் குடித்தாலும் வாய்படாமல் அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வோம். அவருடைய எச்சிலா என் எச்சிலா எனக்குப் பயம் தந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல ஏலாது. கோட் பொக்கற்றில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சின்னம்மா கோட்டைத் தோய்க்க எடுத்தபோது கண்டார்.

"இது என்னடி?"

"மவுத் ஓர்கன்."

"ஆற்றை? ஆர் தந்தது?"

"வேலை செய்யிற இடத்தில ஒரு வயசான ஆள். இரவல் தந்தவர்."

"நீ வாசிக்கப் போறியோ?"

நான் தலையாட்டினேன். சின்னம்மா கோட்டைக் கீழே வைத்தார். நான் ஏதோ ஒன்றை விரும்புகிறேன் என்று அவருக்குத் தெரிந்த முதல் தடவை அது.

"வாசி. ஆனா ஆற்றையோ எச்சிலோட வாயில வைக்காதை" என்றார். நான் சனிக்கிழமைக் கடைக்குப் போய் வருவதற்குள் அவரே சுத்தம் செய்துவிட்டார். குழந்தையின் பால்போத்தல் சூப்பியை அவிப்பதுபோல, உப்புப் போட்டு. பழைய சட்டியில் அல்ல, பால் காய்ச்சும் சட்டியில். வேறு எதற்கும் அதை அவர் தொடவிடமாட்டார். அவித்து, சீலைத் தலைப்பால் துடைத்து, சுடச்சுட ஹீற்றருக்கு மேல் காயவைத்திருந்தார்.

"இப்ப வாசி பார்ப்பம்" என்று சிரித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பழைய மவுத் ஓர்கனின் நடுப்பகுதி மரம். மரம் தண்ணீர் குடித்து ஊதி, தகடுகளுக்கு வெளியே பல்லுப்போலத் தள்ளிக்கொண்டு நின்றது. ஹீற்றர் சூட்டில் ஓரிடம் வெடித்திருந்தது. வாயில் வைத்தேன். இழுத்தேன். சில ஓட்டைகளில் காற்று மட்டும். ஒன்றிரண்டில் ஈ இரைவதுபோல ஒரு சத்தம்.

"நல்லாயிருக்கு" என்றார் சின்னம்மா.

அவரை வில்லியாக்கினால் இந்தக் கதை முடிந்துவிடும். எனக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் பால்சட்டியை நான் எங்கே வைப்பது?

6

அடுத்த ஞாயிறு.

சனி இரவு முழுக்க இரண்டு வாக்கியங்களை ஆங்கிலத்தில் பழகினேன். என் சின்னம்மா இதை அவித்துவிட்டார். தயவுசெய்து இதை வாசிக்காதீர்கள். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இவ்வளவு உழைத்திருந்தால் நின்றிருக்க மாட்டேன்.

ஹோல் நிறைந்திருந்தது. முன் மேசையில் கோடுபோட்ட சட்டையோடு ஒருவர் எழுதுகோலும் கையுமாக இருந்தார். டில்மன் மேடையில் குனிந்து பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். டிரம்காரர் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் இரைந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிராமலே கையை நீட்டினார். கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே சொன்னேன். இரண்டு வாக்கியங்களையும், நடுங்காமல்.

அவர் தலையாட்டினார். சிரித்தார். "நல்லது, மகளே" என்றார்.

கடைசி உருப்படிக்கு அதையே எடுத்தார்.

கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பழுதான வாத்தியத்திலிருந்து முன்பு ஒருவரும் கேட்டிராத இசை எழுந்தது, ஹோலே கண்ணீர் விட்டது என்று எழுதுவார்கள். இல்லை. மோசமாக இருந்தது. வளைந்து இறங்கவேண்டிய சுரம் பாதியில் செத்தது. அடுத்தது வரவே இல்லை. யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. பெட்டி பக்கத்தில் திறந்துதான் கிடந்தது. அதே சுருதியில் புதியது ஒன்று அதில் இருந்ததை நான் கண்டேன். அவர் அதைத் தொடவில்லை. தள்ளிநின்ற மரம் உதட்டைக் கிழித்து, நாடியில் ரத்தம் இறங்கியது. உருப்படியை முடிக்கும்வரை இழுத்துக்கொண்டே இருந்தார். கோடுபோட்ட சட்டைக்காரர் எழுதிக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும் அதைத் துடைத்துக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு பின்கதவால் போனார். பிறகு லண்டனில் அவர் வாசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சின்னம்மா கேட்டார்: "அந்த ஆளிட்டைக் குடுத்தனியே? நல்லா வாசிச்சவரோ?"

"ஓம்" என்றேன்.

7

முடிவுகள்.

அ. அவருக்கு நான் சொன்னது கேட்டது. நம்பித் தந்ததைப் பழுதாக்கிவிட்டேனே என்று நான் கூசாமலிருக்க, எல்லார் முன்னாலும் அதையே வாசித்தார். பெயர் போனாலும் போகட்டும் என்று. (அழகான முடிவு. எழுதும்போதே கை இனிக்கிறது. அதனாலேயே நம்பிக்கை இல்லை.)

ஆ. அவருக்குக் கேட்டது. ஆனால் அவருக்குத் தலைக்கனம். எதை வைத்தும் தன்னால் வாசிக்க ஏலும் என்று நினைத்தார். (இதுவும் நடந்திருக்கலாம். பெரிய கலைஞர்கள் நல்லவர்களாகவும் இருக்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.)

இ. கேட்கவே இல்லை. விளங்காதபோது வெள்ளைக்காரர் கடையில் நான் தலையாட்டிச் சிரிப்பேனே, அதைத்தான் அவரும் செய்தார். வாசிக்கத் தொடங்கிய பிறகு நிறுத்த அவருக்கு வெட்கம்.

இம்மாகுலேற் அக்காவிடம் ஒருதரம் கேட்டேன். அவர் இப்போது லண்டனிலேயே பார்க்கிங் என்ற பகுதியில் குடியிருக்கிறார்.

"அந்தாளுக்கு ஒரு காது சுத்தமாக் கேளாது எண்டு பார்காரன் சொன்னவன்" என்றார். "இடது காது. நீ எந்தப் பக்கம் நிண்டனி?"

எந்தப் பக்கம் நின்றேன்?

எவ்வளவோ யோசித்துவிட்டேன். அவருடைய நகங்கள் நினைவிருக்கின்றன. கோட்டின் கழன்ற பொத்தான் நினைவிருக்கிறது. ஸ்பீக்கரின் இரைச்சல், என் குரல், எல்லாம். எந்தப் பக்கம் என்பது மட்டும் இல்லை. ஒரு வரைவில் வலப்பக்கம் நின்றேன், அடுத்ததில் இடப்பக்கம். இரண்டும் உண்மைபோலத்தான் இருந்தன. கதை கட்டி என் கைக்குப் பழகிவிட்டது.

இனி நான் எழுதினால் எனக்கு வசதியானதைத்தான் எழுதுவேன். ஆகவே உங்களிடம் தருகிறேன். அவருக்கு வலப்பக்கம் நிறுத்தினால், நான் வாழ்க்கையில் துணிந்து பேசிய இரண்டு வாக்கியங்களையும் உலகத்திலேயே நல்ல காது ஒன்று கேட்டது. கேட்டும் அவர் வாயைக் கிழித்துக்கொண்டார். இடப்பக்கம் நிறுத்தினால், நான் பேசவே இல்லை. பத்திரிகைக்காரன் எழுதிய பொய்க்கு என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அவர் குனிந்திருக்கிறார். கை நீண்டிருக்கிறது. டிரம்காரர் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கப் போகிறேன்.

என்னை ஒரு பக்கத்தில் நிறுத்துங்கள்.