ஹாரிங்டன் வைத்த எலும்பு

என் மனைவி லெனோரா அந்த வாரம் முழுக்க வீட்டில் எலும்பு கடித்துப் பழகினாள்.

வெள்ளைப் பட்டுச் சட்டையும் முத்துத் தோடும் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் நிமிர்ந்து உட்காருவாள். கசாப்புக் கடையில் நான் வாங்கி வந்து சுட்டு வைத்த எலும்பை இரண்டு கையாலும் எடுத்து, சட்டையில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் கடிப்பாள். நான் எதிரே உட்கார்ந்து குறை சொல்லவேண்டும்.

"ரொம்ப நாகரிகமா கடிக்கிற. பசிச்சவ மாதிரி கடி."

"பசிச்சவ மாதிரி கடிச்சா வக்கீல் மாதிரி இருக்காது, வெண்டெல்."

"எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல."

ஹாரிங்டன் சட்ட நிறுவனத்தில் யாரைப் பங்குதாரர் ஆக்கியிருக்கிறோம் என்று வாயால் சொல்லமாட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை மன்ஹாட்டனில் மாட்டிறைச்சி சுட்டுப் பரிமாறும் பழைய ஸ்டேக் விடுதி ஒன்றில் விருந்து நடக்கும். அங்கே பங்குதாரர் யார் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். கடைசியில், பெரிய தட்டில் மிச்சமிருக்கும் எலும்பைக் கிழவர் ஹாரிங்டன் இடுக்கியால் எடுத்து ஒருவர் தட்டில் வைப்பார். அவர் அதைக் கையில் எடுத்து எல்லோர் முன்னாலும் கடிக்கவேண்டும். கடித்தால் பங்குதாரர். ஓர் ஒப்பந்தத்தில் காற்புள்ளி எங்கே வரவேண்டும் என்று மாதக்கணக்கில் சண்டை போடுகிற இந்த மனிதர்கள், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் காகிதம் கேட்டதே இல்லை.

லெனோரா அந்த எலும்புக்காகப் பல வருடங்களாகக் காத்திருந்தாள். இந்த முறை போட்டியில் இருந்தது அவளும் டெக்ஸ்டர் ப்ளம்மும்தான். டெக்ஸ்டர் இதற்காகவே புதுப் பற்கள் வைத்துக்கொண்டிருப்பதாக அவள் சந்தேகப்பட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டிரம்பெட் ஊதக் கற்றுக்கொடுப்பவன். விருந்துக்கு மனைவியோடு போவதுதான் என் வேலை.

விடுதிக்குள் நுழைந்தபோது காட்டுக்குள் மாலை வந்துவிட்டது போலிருந்தது. கருத்த மரச்சுவர்கள், மங்கிய மஞ்சள் விளக்குகள். பக்கத்தில் இருப்பவரின் சுருக்கங்களும் கடைசியில் வரும் பில்லும் சரியாகத் தெரியாத அளவுக்கு மட்டும் வெளிச்சம். பரிமாறுகிற விக்டர், நாங்கள் என்னவோ கடன் கேட்டு வந்தவர்கள் போல எங்களைப் பார்த்தார். அங்கே அதுதான் மரியாதை. சிரித்து வரவேற்றால் வெளியூர்க்காரர் என்று நினைத்துவிட்டதாக அர்த்தம்.

எனக்கு இடப்பக்கம் லெனோரா, வலப்பக்கம் டெக்ஸ்டர். எதிரே மூத்த பங்குதாரர் கிளிஃபர்ட். மேசையின் தலைப்பக்கத்தில் ஹாரிங்டன்.

"இறைச்சி எப்படி வேணும்?" என்று விக்டர் ஹாரிங்டனை மட்டும் கேட்டார்.

"உள்ள சிவப்பா, பாதி வெந்தாப் போதும்."

"எனக்கும் உள்ள சிவப்பா," என்றார் கிளிஃபர்ட்.

"எனக்கு இன்னும் கொஞ்சம் சிவப்பா," என்றான் டெக்ஸ்டர்.

"எல்லாருக்கும் ஒரே தட்டுதான் வரும்," என்று சொல்லிவிட்டு விக்டர் போய்விட்டார்.

சில வருடங்களுக்கு முன் இதே மேசையில் ஒருவர் மீன் கேட்டிருக்கிறார். இப்போது அவர் நியூ ஜெர்சியில் வீட்டுப் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஹாரிங்டனுக்குக் கண் சரியாகத் தெரியாது. கண்ணாடி போடமாட்டார். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். போன கிறிஸ்துமஸ் விருந்தில் கோட்டு மாட்டும் கம்பத்தின் தோளைத் தட்டி, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டாராம். பக்கத்தில் நின்ற இளம் வக்கீல்கள் இருவர் கம்பத்தின் சார்பில் "சௌக்கியம் சார்" என்றார்களாம்.

இறைச்சி வந்தது. வெண்ணெய் சீறிக்கொண்டிருந்தது. விக்டர் தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து முட்டுக்கொடுத்தார். உருகிய வெண்ணெயும் சாறும் சரிவில் இறங்கின. நடுவில் டி வடிவத்தில் எலும்பு, இரு பக்கமும் அறுத்து அடுக்கிய துண்டுகள். எல்லோரும் துண்டுகளை எடுத்தார்கள், ஆனால் பார்த்தது எலும்பை. லெனோரா பாலாடையில் வெந்த கீரையை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மேசைக்கு அடியில் அவள் கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது.

தட்டு காலியானதும் பேச்சு நின்றது. ஹாரிங்டன் எழுந்தார். இடுக்கியால் எலும்பைத் தூக்கினார். மேசையைச் சுற்றி மெதுவாக நடந்து, எங்கள் பின்னால் வந்து நின்றார். லெனோரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் தோள் மேலாக ஒரு கை நீண்டது. எலும்பு என் தட்டில் விழுந்தது.

அவர் குனிந்து என் காதில் மெல்லச் சொன்னார்: "கடி, டெக்ஸ்டர்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு வாரமாக லெனோரா கடிப்பதையே பார்த்துப் பழகிய என் கைகள் தாமாக எலும்பைத் தூக்கின. கடித்துவிட்டேன்.

"வெண்டெல்!" என்றாள் லெனோரா.

வாய் நிறைய இறைச்சி.

முதலில் சுதாரித்தவர் கிளிஃபர்ட். "எலும்பு வச்சாச்சு. கடிச்சாச்சு. நம்ம வழக்கப்படி பாத்தா இவர்தான் பங்குதாரர்."

"அவரு வக்கீலே இல்லையே!" என்றான் டெக்ஸ்டர்.

"வக்கீலா இருக்கணும்னு வழக்கத்துல எங்க இருக்கு?"

"இடுக்கி என் பக்கமா சாஞ்சுது சார். நான் பாத்தேன்."

"சாஞ்சது உன் பக்கம், விழுந்தது என் புருஷன் தட்டுல," என்றாள் லெனோரா. "கல்யாணத்துக்கு அப்புறம் வர்ற சொத்துல எனக்கும் பங்கு உண்டு."

"அது விவாகரத்து ஆனாத்தான்."

லெனோரா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தேவைப்பட்டா ஆகிக்கலாம்."

ஹாரிங்டன் இன்னும் எங்கள் பின்னால்தான் நின்றார். அவரைக் கேட்டால் ஒரே நொடியில் முடிந்துவிடும். ஆனால் கேட்பது, உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்வதற்குச் சமம். அதனால் யாரும் கேட்கவில்லை.

"வைக்கும்போது மிஸ்டர் ஹாரிங்டன் ஏதோ சொன்னாரே," என்றார் கிளிஃபர்ட். "உங்க காதுலதான் சொன்னார். என்ன சொன்னார்?"

மேசை முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் திரும்பி ஹாரிங்டனைப் பார்த்தேன். டெக்ஸ்டரின் குரல் என் நாற்காலியிலிருந்து வராமல் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தபோதே அவருக்கு எல்லாம் புரிந்திருக்கும். பாதி நகரத்தை நீதிமன்றத்தில் நடுங்க வைத்த அந்த முகத்தில், விடை மறந்துபோன பிள்ளையின் பயம் தெரிந்தது. இடப்பக்கம் லெனோரா. அவள் கண்ணில் இருந்ததும் அதே பயம்தான்.

நிதானமாக மென்று விழுங்கினேன்.

"கடின்னார்," என்றேன்.

"அவ்வளவுதானா?"

"நான் கடிச்சேன்."

ஹாரிங்டன் என் தோளைப் பற்றினார். நன்றியா, எச்சரிக்கையா, தெரியவில்லை. பிறகு தொண்டையைச் செருமினார்.

"என்ன கூத்து இது? நான் தப்பா வைப்பேன்னு நெனச்சீங்களா?" அவர் குரல் உயர உயர அவருக்கே அது உண்மையாகிக்கொண்டு வந்தது. "ஒரு பொம்பள ராத்திரி பகலா நமக்கு உழைக்கிறான்னா, வீட்ல ஒருத்தன் சோறு ஆக்குறான்னு அர்த்தம். இத்தனை வருஷமா நாம அவனுக்கு என்ன குடுத்தோம்? அதான் முதல் கடி அவனுக்கு. எலும்பு லெனோராவுக்கு. காலம் மாறிடுச்சுப்பா. இந்த நிறுவனமும் மாறணும்."

கிளிஃபர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மாற்றத்தை நிறுவனத்தின் இணையதளத்தில் போடவேண்டும் என்றார். முதலில் கைதட்டியவன் டெக்ஸ்டர். அந்தப் புதுப் பற்கள் மங்கிய வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரிந்தன.

லெனோரா என் கையிலிருந்து எலும்பை வாங்கினாள். பழகியதெல்லாம் மறந்துவிட்டது. நான் கடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே வாயை வைத்துப் பசித்தவளாகவே கடித்தாள். சாறு மணிக்கட்டு வழியாக வழிந்து சட்டைக்குள் போனது. மேசை ஆரவாரித்தது.

வீடு திரும்பும்போது டாக்சியில் சட்டைக் கையிலிருந்த கறையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பாலம் ஏறியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அவரு ஒரு வார்த்தைதான் சொன்னாரா?"

நான் வாயைத் திறந்தேன்.

அவள் சட்டென்று தன் கையால் என் வாயைப் பொத்தினாள். விரல்களில் இன்னும் வெண்ணெய் மணந்தது.

"வேணாம். நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும்," என்றாள். "தெரிஞ்சா, திங்கக்கிழமை டெக்ஸ்டர் மூஞ்சியப் பாக்க முடியாது. அவனுக்கு அடுத்த வருஷம் எலும்பு குடுக்கணும்னு தோணிடும்."

கையை எடுக்காமலே என் தோளில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனாள். நான் மூக்கால் மூச்சு விட்டபடி, ஆற்றில் மிதந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.