தட்டினால் சொல்ல வேண்டும்

லிஃப்ட்காரர் செலோடேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து நின்றார்.

"என்னடா இது?"

வாயில் டேப் இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தார். அறுபது தாண்டியும் அண்ணனிடமிருந்து தப்பிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி, வாயை எதையாவது வைத்து அடைத்துக்கொள்வதுதான்.

வீட்டு கேட்டில் அவர் ஒட்டிய அட்டையில், பிள்ளைகளின் கையெழுத்தில், கோணல்மாணலாக, எழுத்துக்கு ஒரு நிறமாக எழுதியிருந்தது: எங்கள் புளுகு டீச்சர் செத்துப்போயிட்டாங்க.

"செத்த வீட்டு வாசல்ல புளுகுன்னு எழுதி வைப்பாங்களா? எடு அதை."

"ஒட்டிக்கிச்சுண்ணே. பிச்சா பெயிண்ட் வந்துரும்."

பெயிண்ட் எல்லாம் வராது. மனைவி பக்கத்தில் நின்றிருந்தால், "புதுசா புளுகறவருக்கு இது பரவாயில்ல" என்றிருப்பாள். அவளோ உள்ளே முன்னறையில் பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

வாரநாட்களில் அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போட்டாள். சனிக்கிழமை மதியம் அந்த முன்னறையில் தெருப் பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுத்தாள். இன்றைக்கும் சனிக்கிழமை. வகுப்பு இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் அதுகள் வந்திருக்கும். வந்து, பெரியவர்களின் நாற்காலிகளுக்கு இடையில் புகுந்து, தரையில் அவரவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துவிட்டன.

வகுப்புக்கு ஒரே ஒரு சட்டம். 'ஒரு நல்ல ராஜா இருந்தார்' என்று யாராவது எழுதிப் படித்தால், மற்றவர்கள் தரையில் இரண்டு தட்டு தட்டுவார்கள். 'நல்ல' என்பது மூடிய கதவு; தட்டித்தான் திறக்க வேண்டும். ராஜா என்ன செய்தார் என்று சொல்லும்வரை தட்டல் நிற்காது. பக்கத்து வீட்டுக்காரர் இங்கே தச்சு வேலை நடப்பதாகவே நெடுநாள் நினைத்திருந்தார். லிஃப்ட்காரர் ஒருநாளும் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. சமையலறையில் எதையாவது தீய்த்தபடி தட்டல் சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அவள் சொன்னாள்: "நாலு பேர் கூடினா என்னை நல்லவளாக்கி அனுப்பிடுவாங்க. விட்டுடாதீங்க."

"நான் யாரைத் தடுக்க முடியும்?"

"உங்க அண்ணனை."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "வேற ஏதாவது கேளேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நர்ஸை அழைத்துவந்தது. பேச்சு அதோடு நின்றுபோனது.

அண்ணன் இப்போது பெட்டியின் தலைமாட்டில் நின்று கண்ணாடியைத் துடைத்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கையில் நான்கு பக்கம். அந்த நான்கு பக்கங்களை லிஃப்ட்காரர் சித்தப்பாவின் சாவிலும் கேட்டிருக்கிறார், அண்ணியின் தம்பி சாவிலும் கேட்டிருக்கிறார். ஆள்தான் மாறும், சிகரம் மாறாது.

"பண்பின் சிகரமாய், பாசத்தின் உறைவிடமாய்..."

டொக், டொக்.

அண்ணன் நிறுத்தினார். "யாரோ வந்திருக்காங்க பாரும்மா."

லிஃப்ட்காரரின் மகள் போய் வாசலைப் பார்த்துவிட்டு, யாருமில்லை என்று கையை விரித்தாள்.

"எல்லோரிடமும் அன்பாய்ப் பழகிய..."

டொக், டொக். இம்முறை மூன்று நான்கு இடங்களிலிருந்து. பெட்டிக்கு அருகில் உட்கார்ந்திருந்த ஓட்டைப்பல், வகுப்பிலேயே சின்னவள், மடக்கிய விரலை ஒளித்துக்கொள்ளக்கூட இல்லை.

"என்ன காலித்தனம் இது? செத்த வீடுன்னு ஒரு மரியாதை வேணாம்?"

"நல்லவங்க நல்லவங்கன்னே சொல்றீங்க தாத்தா," என்றாள் ஓட்டைப்பல். "என்ன பண்ணாங்கன்னு சொல்லவே மாட்டேங்கறீங்க."

"டேய், இதுங்கள முதல்ல வெளிய அனுப்பு."

டேய் என்றது லிஃப்ட்காரரை. கூடியிருந்த அத்தனை கண்களும் அவர் மேல் திரும்பின. மகள் அவர் காதருகில் குனிந்தாள்.

"அப்பா, பெரியப்பா சங்கடப்படறாரு. பசங்கள நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீ உக்காரும்மா."

அவர் எழுந்தார். முழங்கால் இரண்டும் அவருக்கு முன்பே ஆட்சேபம் தெரிவித்தன. அண்ணன் வாங்கச் சொன்ன சட்டையை வாங்கி, அண்ணன் காட்டிய வேலையில் சேர்ந்து, கல்யாணம் ஒன்றை மட்டும் அண்ணனைக் கேட்காமல் செய்துகொண்ட மனிதர். தண்ணீர்ச் செம்பு வைத்திருந்த மேசைவரை நடந்துபோனார். குனிந்தார்.

டொக், டொக்.

"சொல்லுண்ணே. என்ன பண்ணா?"

"நீயுமாடா?"

"நானும்தான்."

அண்ணனின் கழுத்து சிவந்தது. "புருஷன் நீதானே? நீயே சொல்லு பாப்போம்!"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. வசமாக மாட்டிக்கொண்டார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு லிஃப்ட் பாதியில நின்னுபோச்சு. நான்தான் மெக்கானிக். உள்ள ஏழெட்டு பேரு. அதுல ஒரு பாவப்பட்ட குழந்தை..."

டொக், டொக்.

"சரி சரி. செருப்பைக் கழட்டிக் கதவுலயே அடிச்சு அழுதுட்டிருந்த குழந்தை. நான் மேல ஏறி வேலை பாக்கறேன், திடீர்னு அழுகை நின்னுருச்சு. எனக்கு பயமாயிடுச்சு. அவசர அவசரமா கதவை நெம்பித் திறந்தா, ஒரு பொம்பளை தரையில உக்காந்து கதை சொல்லிட்டிருக்கா. லிஃப்ட் மேல யானை ஒண்ணு உக்காந்திருக்காம். அஞ்சாவது மாடிக்குப் போகணுமாம். கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருக்காம்."

"அப்புறம்?" என்றது ஒரு குரல். பெரியவர்கள் பக்கமிருந்து.

"என்னைப் பாத்து, 'கதவை மூடுங்க, இன்னும் முடியல'ன்னா. எல்லாரும் சேர்ந்து 'மூடுய்யா'ன்னாங்க. அந்தக் குழந்தை கேக்குது, 'யானை இறங்கிடுச்சா?' நான் பொய்யே பேசாதவன். பேசத் தெரியாது, அவ்வளவுதான். 'இல்ல பாப்பா, இன்னும் அஞ்சாவது மாடி வரல'ன்னேன். சொல்லிட்டு மூடிட்டேன்."

அவர் செம்பை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"ஆளுங்கள உள்ள வச்சுக் கதவை மூடினதுக்கு ஆபீஸ்ல மெமோ கொடுத்தாங்க. அதுக்கு அவ ஒரு மன்னிப்பு கேட்டாளா? கடைசிவரைக்கும் கேக்கல. யானைக்கும் மெமோ கொடுத்தாங்களான்னு கேட்டா."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். மகள் பொத்திக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் விரல்கள் மடியில் கிடந்தன.

அண்ணன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். காகிதத்தைப் பார்த்தார். மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு யாரும் கேட்காமலே, கோபமாக,

"என் பாராட்டு விழாவுல முதல் வரிசைல உக்காந்து தூங்கினா," என்றார். "தூங்கினாகூட பரவாயில்ல. குறட்டை விட்டா. மைக்குல கேட்டுச்சு."

தட்டு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. உட்கார்ந்து, நான்கு பக்கங்களையும் மடித்து, மடித்ததை மறுபடி மடித்து, இனி மடிக்கவே முடியாது என்றானதும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கைக்குட்டையைத் தேட நேரமாயிற்று.

வண்டி வந்தது. தூக்கினார்கள். பெட்டியின் முன்பக்கம் லிஃப்ட்காரரும், எதிர்ப்பக்கம், யார் சொல்லியும் கேட்காமல், அண்ணனும். வண்டியின் பின்கதவு மூடியது. டிரைவர் சாவியைத் திருகப் போனார்.

டொக், டொக்.

டிரைவர் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். ஓட்டைப்பல் நுனிக்காலில் நின்றிருந்தாள். மடக்கிய விரல் இன்னும் கதவின் மேலேயே இருந்தது.

"ஏதாவது விட்டுப்போச்சா சார்?"

மகள் அவளைக் கூட்டிவர ஓரடி எடுத்துவைத்தாள். லிஃப்ட்காரர் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கொஞ்சம் இருங்க," என்றார் டிரைவரிடம். "இன்னும் முடியல."

டிரைவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். ஓட்டைப்பல் கதவில் காதை வைத்துக்கொண்டாள்.