உரக்கடைக்காரரின் கார்

நீல பிளாஸ்டிக் டிரம்மில் யூரியாவைக் கொட்டி, முருகேஷ் கழியால் கலக்கிக்கொண்டிருந்தான். கடத்தூரில் வீரமணியின் உரக்கடைக்குப் பின்னால் மூட்டைகள் போக மிச்சமிருந்த இடத்தில் அந்தக் கார் நின்றது. யூரியா கரையக் கரைய டிரம் சில்லென்று ஆனது.

"கட்டி இல்லாம கலக்குடா. அப்புறம் வேட்டித் துணியில வடிகட்டு," என்றார் வீரமணி.

பெங்களூரில் ஒரு முதலாளி ஏழு வருடம் ஓட்டிவிட்டுத் தள்ளிய வண்டி அது. புதிதாக ஒரு கோடி. வீரமணி பத்தொன்பது லட்சத்துக்கு முடித்து, கடைவாசலில் பூசணிக்காய் உடைத்தார். அடுத்த மாதமே வண்டி மண்டி போட்ட மாடு மாதிரி ஒரு பக்கம் இறங்கி நின்றது. காற்றில் நிற்கும் சஸ்பென்ஷனாம். அதற்கு ஒன்றே கால் லட்சம் போனது. பிறகு நாலு டயர். வண்டியின் விலைதான் பத்தொன்பது லட்சத்துக்கு இறங்கியிருந்தது, உதிரி பாகங்களெல்லாம் இன்னும் கோடி ரூபாய் வண்டியுடையதாகவே இருந்தன.

இப்போது மீட்டரில் மஞ்சள் எழுத்து வந்திருந்தது. இன்னும் அறுநூற்று நாற்பது கிலோமீட்டர், அதற்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாது. டீசல் புகையைச் சுத்தம் செய்யத் தனியாக ஒரு டேங்கில் ஊற்றும் திரவம் தீர்ந்துவிட்டது. அதைக் கேனில் விற்பார்கள். பழைய கேனின் மேல் எழுதியிருந்ததை வீரமணி கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். யூரியா மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் தண்ணீர். அதற்குமேல் வாசிக்க அவருக்கு அவசியம் இருக்கவில்லை.

"முப்பது வருசமா யூரியா விக்கிறன். எனக்கே யூரியாத் தண்ணிய கேன்ல அடச்சி விக்கிறானுங்க பாரு."

"அண்ணா, அதுல சுத்தமான தண்ணின்னு போட்டிருக்குதுங்க. நம்ம யூரியா வேப்பெண்ண பூசுனது. போர் தண்ணியும் ஒரே உப்பு..."

"பயிரு குடிக்குது. இரும்பு குடிக்காதா? நீ கலக்கு."

முருகேஷ் கலக்கினான். கலக்கிக்கொண்டே, நாலு நாளாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டான். "அண்ணா, என் லைசென்சு வேணுங்க. தருமபுரியில காலேஜ் பஸ்ஸுக்கு டிரைவர் வேல சொல்லியிருக்காங்க. திங்கக்கெழம ஒரிஜினலோட வரச் சொன்னாங்க. போன்ல காட்டுனா ஒத்துக்க மாட்டாங்களாம்."

இரண்டு வருடம் முன்பு வேலைக்குச் சேர்ந்த அன்றே வீரமணி அந்த அட்டையை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எல்லா டிரைவர்களிடமும் அப்படித்தான். போலீஸ் மறித்தால் முருகேஷ் ஜெராக்ஸைக் காட்டி, அவர் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வான்.

"ஞாயித்துக்கெழம நம்ம பாப்பா நிச்சயதார்த்தம் முடியட்டும். திங்கக்கெழம காலையில வாங்கிக்க. இதுல என்னா அவசரம்?"

ஊற்றியதும் மஞ்சள் எழுத்து மறைந்தது. வீரமணி டீக்கடையில் இரண்டு நாள் இதைத்தான் பேசினார். முருகேஷுக்கு மட்டும் தூக்கம் சரியாக வரவில்லை. அவன் மனைவி பானுமதி, பஸ் டிரைவருக்குப் பி.எஃப். பிடிப்பார்களா, ஒன்றாம் தேதியே சம்பளம் வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் வீரமணியின் மனைவி நிர்மலாதேவியை நிச்சயப் புடவை எடுக்கச் சேலத்துக்கு அழைத்துப் போனான். தொப்பூர் இறக்கத்தில், முன்னும் பின்னும் லாரி நெருக்க, எழுத்து மறுபடி வந்தது. இம்முறை சிவப்பு. இன்னும் நூற்று இருபது கிலோமீட்டர்.

"என்னாப்பா அது?" என்றாள் நிர்மலாதேவி.

"நம்ம ஊத்துன தண்ணிதாங்க்கா," என்றான். ஒர்க் ஷாப் போகும்வரை ரோட்டைப் பார்த்த நேரத்தைவிட அந்த எண்ணைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

சேலம் ஒர்க் ஷாப்பில் நவநீதன் என்கிற சூப்பர்வைசர் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். "வேப்பெண்ண வாசன வருது. வயலுக்குப் போடறதையா ஊத்துனீங்க? உள்ள உப்பு பாறையாட்டம் படிஞ்சிருக்கு. டேங்க், பம்ப், எல்லாம் மாத்தணும். மூணே முக்கால் லட்சம் ஆகும்."

நிர்மலாதேவி வெளியே போய்க் கணவரோடு போனில் பேசிவிட்டு வந்தாள். வேலை இப்போது வேண்டாம், நிச்சயம் முடியட்டும் என்றாள். அப்படியானால் வண்டி கெட்டதற்குக் காரணம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார் நவநீதன்.

"டிரைவர் தெரியாம ஊத்திட்டாரு," என்றாள் அவள். அதைச் சொல்லும்போது முருகேஷைப் பார்க்கவில்லை. பிறகு அவனைத் தள்ளிக் கூட்டிப்போய், "போட்டுடுப்பா. உரக்கடைக்காரரே உரத்த ஊத்திக் கெடுத்தாருன்னா ஊரே சிரிக்கும். லைசென்ச நான் வாங்கித் தர்றன்," என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவன் கையெழுத்துப் போட்டான்.

கடத்தூர் வந்து சேர்ந்தபோது பதினெட்டு கிலோமீட்டர் மிச்சம் இருந்தது. மறுநாள் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் வீரமணி பொம்மிடிக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினார். திரும்பி வந்து வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் நிறுத்தி அணைத்த வண்டி, பிறகு எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை முருகேஷ் லைசென்ஸைக் கேட்டான்.

"குடுக்கறன். மூணே முக்கால் லட்சத்துக்கு வழி சொல்லு," என்றார் வீரமணி.

"அண்ணா, நீங்க சொல்லித்தானங்க ஊத்துனன்."

"ஊத்துனவன் நீ. கையெழுத்து யாருது?" சேலத்துத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

முருகேஷ் நிர்மலாதேவியைப் பார்த்தான். அவள் தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை விட்டுப்போனது போல மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். அவள் மேலா, தன் கை மேலா, எதன் மேல் கோபப்படுவது என்றே முருகேஷுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு அரை மணி முன்பு, கார் வாசலில் நிற்க வேண்டும் என்று வீரமணி சொல்லிவிட்டார். கடையில் மூட்டை தூக்கும் மாதுவும் இன்னாசியும் பின்னாலிருந்து தள்ளினார்கள். புது வெள்ளைச் சட்டை போட்ட முருகேஷ் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினான். எஞ்சின் ஓடாத ஸ்டியரிங் செக்கு போலக் கனத்தது. வியர்வையில் அவன் சட்டை முதுகில் ஒட்டியது. பந்தலுக்கு முன்னால் நிறுத்தியதும் காருக்கு மாலை போட்டார்கள்.

"எறங்காத. இப்பத்தான் வந்து நின்ன மாதிரி உக்காந்திரு," என்றார் வீரமணி.

ஏ.சி. இல்லை. பேட்டரியும் தீர்ந்துபோனதால் கண்ணாடி இறங்காது. கதவை ஒரு சாண் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது. கல்லூரி ஆபீஸிலிருந்து.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள ஒரிஜினலோட வந்துருங்க. இன்னொருத்தரும் கேட்டுட்டு இருக்காரு."

"வந்துர்றன்ங்க சார்," என்றான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா நஞ்சப்பன் காரைச் சுற்றி வந்தார். பானட்டைத் தடவினார். "இந்த மாதிரி வண்டியில நான் உக்காந்ததே இல்லீங்க. மெயின் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு போலாங்களா?"

இப்போதாவது உண்மை வெளியே வந்துவிடும். வந்தால் வீரமணியே பதில் சொல்லிக்கொள்ளட்டும் என்று முருகேஷ் நினைத்தான்.

வீரமணி சிரித்தார். முருகேஷின் தோளில் கைபோட்டார். இடுப்பில் பீரோச் சாவிக்கொத்து குலுங்கியது.

"போலாங்க, நம்ம வண்டிதான? இந்தப் பைய லைசென்ச வூட்டுல வெச்சிட்டு வந்துட்டாங்க. ரோட்ல போலீசு வேற நிக்குது. எத்தன தடவ சொன்னாலும் புத்தி வரல இவனுக்கு."

"லைசென்சு இல்லாம டிரைவர் வேலைக்கு வந்தா எப்பிடிப்பா?" என்றார் நஞ்சப்பன். பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

முருகேஷின் இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேலேயே இருந்தன. போட்டோகிராஃபர் முன்னால் வந்து நின்று, டிரைவர் அண்ணன் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டால் கார் மட்டும் நன்றாக விழும் என்றார்.