அம்சவேணியின் அடுக்களை ஜன்னல்

ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில், மூன்றாம் மாடியில் இருந்த அம்சவேணியின் அடுக்களை ஜன்னல், போன பர்மாப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு மறுநாள் முதல் பிரேசில் நாட்டின் குரிடிபா நகரத்துக்குத் திறந்தது. அதற்கு முன் அந்தப் பக்கம் இருந்தது பின்சந்து. ரங்கூன் கட்டடங்களின் முதுகுகளுக்கு நடுவே கிடக்கும் இந்தச் சந்துகளுக்குள் எல்லா மாடிக்காரர்களும் குப்பையை வீசுவார்கள். இறால் தலை, குழந்தையின் பீத்துணி, புளித்துப்போன மொஹிங்கா மீன்சேமியா எல்லாம் சொத்தென்று விழும். நானும் இதே கட்டடம்தான், சொல்லவே கூசுகிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்சவேணி அந்த ஜன்னலைத் திறந்ததில்லை. இடுக்குகளில் துணியை அடைத்துவிட்டுத்தான் சமைத்தாள். ஜன்னலைத் திறந்து வைக்கும்படியாக ஒரு வீடு வேண்டும் என்பதைத் தவிர, ஜெனரேட்டர் பழுது பார்க்கும் கணவன் மாரிச்சாமியிடம் அவள் வேறெதுவும் கேட்டதுமில்லை. அன்று மிளகாய் கருகி மூச்சு முட்டவே திறந்துவிட்டாள். வெளியே புல்வெளி இருந்தது.

காலைத் தூக்கி வைத்தால் போதும், அந்த ஊர்தான். இங்கே காலை என்றால் அங்கேயும் காலையாக இருந்தது. யாரும் அதற்குக் கணக்குக் கேட்கவில்லை. பூங்காக்களில் ஆடுகள் புல்லை மேய்ந்து சமன் செய்தன. பஸ்களுக்குத் தனிச்சாலை இருந்தது. கண்ணாடிக் குழாய் போன்ற நிறுத்தங்களில் ஜனங்கள் முட்டாமல் நின்று ஏறினார்கள். குப்பையைப் பிரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் பதிலுக்குக் கீரையும் காயும் தந்தார்கள். அம்சவேணி இதை மட்டும் வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கட்டடம் முழுக்க நல்ல லுங்கியாக எடுத்துக் கட்டிக்கொண்டு சுற்றிப் பார்க்கக் கிளம்பியது. போனார்கள், மரங்களைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்தார்கள், வீட்டுக்கு வந்தார்கள், வழக்கம்போலப் பின்ஜன்னல் வழியாகக் குப்பையை வீசினார்கள். அது இப்போது குரிடிபாவின் புல்வெளியில் போய் விழுந்தது. நான்காம் மாடி பர்கத்துல்லா, "அங்கன கூட்டுறதுக்கு ஆளு இருக்குல்ல தங்கச்சி, நமக்கென்ன" என்றார். அந்த ஊரின் பச்சை உடுப்புத் துப்புரவுக்காரர்கள் குனிந்து பொறுக்கினார்கள். ஆடுகள் வேறு பக்கம் போய்விட்டன. இந்த ஜனங்களை என்ன சொல்வது, எனக்குத் தெரியவில்லை.

அம்சவேணி மாடி மாடியாக ஏறிக் கெஞ்சினாள். புருஷனிடம் மட்டும் அவள் கெஞ்சவில்லை. தேவையில்லை என்று நினைத்திருந்தாள். மழைக்காலத்தில் ஒருநாள் இருவரும் அந்தக் கண்ணாடி நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, மாரிச்சாமி வாயிலிருந்த வெற்றிலையை, பசுந்தாங்கில் துப்புவது போலவே, பேச்சை நிறுத்தாமல் கண்ணாடியில் துப்பினான். சிவப்பு வழிந்தது. நின்றவர்கள் யாரும் திட்டவில்லை, கொஞ்சம் விலகிக்கொண்டார்கள். அம்சவேணி தலைப்பால் துடைக்க ஆரம்பித்தாள்.

"நீங்க போங்க. நான் இதத் தொடச்சிட்டு வாரேன்."

அவன் மட்டும் ஜன்னல் ஏறி வீட்டுக்கு வந்தான். பின்னாலேயே ஜன்னல் சாத்திக்கொண்டது. திறந்தால் சந்து.

தெருவில் பேப்பர்காரன் பேப்பரைக் கிளிப்பில் மாட்டி, இழுத்து மேலே மணியை அடிப்பதற்காக எங்கள் மாடிகளிலிருந்து கயிறு தொங்கும். மாரிச்சாமி தன் கயிற்றை அவிழ்த்துப் பின்பக்கம் கட்டி, அவள் சொன்னது ஞாபகத்தில், வீட்டுக் குப்பையைப் பிரித்து இறக்கினான். மணி அடித்தது. இழுத்தால் ஒரு கட்டு கீரை. அம்சவேணி அவனுடைய சோற்று டப்பாவுக்குப் போடும் அதே முடிச்சு. மறுநாளும் அப்படியே. மாடிக்காரர்கள் இப்போது அவனிடம் கீரை கேட்டு வருகிறார்கள், ஆனால் வீசுவதை நிறுத்தவில்லை.

ஒருநாள் அவன் தன் சட்டையைக் கட்டி இறக்கினான், தன்னையும் அவள் அங்கே கூப்பிடட்டும் என்று. வெற்றிலைக் கறை போய், துவைத்து மடித்த சட்டை மேலே வந்தது. வேறொன்றும் வரவில்லை. அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். இப்போது வீடு முழுக்கச் சந்தின் நாற்றம்தான். மணி அடித்தால் கேட்க வேண்டுமே என்று, அவன் ஜன்னலைச் சாத்துவதே இல்லை.