இறக்குவதற்கு இரண்டு கை

கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் அண்ணி. கீழே தரையில் நின்று அவருக்குக் கை காட்டுகிறவன் கொழுந்தன். ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே பஸ்ஸில் வந்து, கட்டட வாசலில் ஒருவர் மேலே ஒருவர் கீழே என்று பிரிந்துகொள்வார்கள். "வீட்டுல அவங்க உன்னை ஆட்டி வைக்கிறாங்க, இங்க நீ அவங்களை ஆட்டி வைக்கிறியாக்கும்!" என்று கேட்காத ஆள் அந்த வேலைத்தளத்தில் கிடையாது. அவனுடைய உயரத்துக்கும் ஒல்லிக்கும் ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தவர்கள், அதையும் முழுசாகக் கூப்பிடச் சோம்பல்பட்டுக் குச்சி ஆக்கிவிட்டார்கள்.

கேலி செய்தவர்கள் அண்ணி பாரம் இறக்குவதை ஒரு தடவை பார்த்தால் போதும், வாயை மூடிக்கொள்வார்கள். கம்பிக்கட்டு அந்தரத்தில் ஊசலாடிக்கொண்டு வரும். அண்ணி கிரேனின் நீண்ட கையை அந்த ஆட்டத்தின் போக்கிலேயே ஓர் இழை நகர்த்துவார். ஆட்டம் அடங்கிவிடும். அப்புறம் அது, தூங்கிப்போன பிள்ளையைப் படுக்கையில் விடுகிற மாதிரி தரையைத் தொடும். தானே இறக்கியது போலக் குச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பான்.

இரண்டு பேரிடமும் வாக்கிடாக்கி உண்டு. ஆனால் அண்ணிக்குக் கைதான் வேதம். "காது ஏமாத்தும் தம்பி, கண்ணு ஏமாத்தாது" என்பார். ஆள்காட்டி விரலைக் கீழே நீட்டி வட்டமிட்டால், இறக்கு. அந்த விரலுக்கு மேலே இடது உள்ளங்கையை அசையாமல் பிடித்தால், மெதுவாக இறக்கு. கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினால், நில். மற்ற சைகைகளைக் குச்சி ஒருவன்தான் காட்டலாம். நில் மட்டும் பொதுச் சொத்து. பெருக்குகிறவர் காட்டினாலும் முதலாளி காட்டினாலும் ஏன், எதற்கு என்று கேட்காமல் நிறுத்தியாக வேண்டும்.

இப்பேர்ப்பட்ட அண்ணி ஒரு காலத்தில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. சாவு இல்லை, சண்டை இல்லை, நஷ்டம் இல்லை. விசாரிக்க வந்த சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஒரு காரணம்கூடக் கிடைக்காததில் அவர்களுக்குத்தான் பெரிய ஏமாற்றம். சாப்பாடு வேண்டாம், பேச்சு வேண்டாம், தலைமுடி வாரக்கூடத் தெம்பு இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அண்ணன்தான் கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். தினம் ஒரு மாத்திரை. அது கொஞ்சம் கொஞ்சமாக அண்ணியைத் திருப்பிக் கொண்டுவந்தது. மறுபடி வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மாவும் கம்பெனி டாக்டரும் சொன்னபிறகு அண்ணி கூண்டில் ஏறினார். மனிதருக்கு மாத்திரை செய்த அந்த உபகாரத்தைக் குறைத்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

வம்பு ஆரம்பித்ததே நன்றாக இருந்ததனால்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன், "நல்லாத்தானே இருக்கே, இன்னும் எத்தனை நாளைக்கு மாத்திரை?" என்று கேட்டுவைத்தார். அண்ணிக்கு எதிலும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. எழுந்துபோய் மாத்திரை அட்டையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்து மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

"அண்ணி, நீங்க இரும்பு!" என்றான் குச்சி. கையைக்கூடத் தட்டினான், மடையன்.

அந்த வாரம் முடியவில்லை, இரும்பு நடுங்க ஆரம்பித்தது. கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் தலைக்குள் சுரீர் என்று மின்சாரம் சுண்டியது. ராத்திரி முழுக்கக் கன்னாபின்னா என்று கனவு. விடிந்தால் தலையணை வேர்வையில் தொப்பல். சோப்பு விளம்பரத்தைப் பார்த்து அழுதார். டம்ளரை இடம் மாற்றி வைத்ததற்காக அண்ணனைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டு அதற்கும் அழுதார். "பழையபடி வந்துடுச்சுடா" என்று அண்ணன் தம்பியிடம் முணுமுணுத்தார். அண்ணியும் உள்ளுக்குள் அதையேதான் நினைத்தார். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். மறுபடி அந்தப் படுக்கையா என்ற பயத்தில் வாயைத் திறக்கவே அஞ்சினார்.

அப்படியே வேலைக்கும் வந்தார். அன்று ஜன்னல் கண்ணாடிகள் அடுக்கிய பெரிய மரக்கூண்டை மேல்தளத்திலிருந்து இறக்க வேண்டியிருந்தது. கிரேன் கை திரும்பத் தொடங்கியபோதே குச்சிக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டத்தின் போக்கில் போக வேண்டிய கை அரை நொடி பிந்தியது. பாரம் அடங்கவில்லை. மறுபடி பிந்தியது. இத்தனை வருஷத்தில் அண்ணியின் கை அப்படிப் பிந்தி அவன் பார்த்ததே இல்லை.

நில் காட்டியிருக்க வேண்டும். கை பாதி எழவும் செய்தது. ஆனால் சுற்றிலும் ஆட்கள், அதில் மாற்று ஆப்பரேட்டர் வேறு. எப்போதும் தலை வாரிக்கொண்டே இருப்பதால் அவனுக்குப் பெயர் சீப்பு. அந்த இருக்கைமேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண். இவ்வளவு பேர் முன்னால் நானே என் அண்ணியை நிறுத்துவதா, மானம் போய்விடாதா என்று குச்சி யோசித்தான். அந்தரத்தில் கண்ணாடி ஆடிக்கொண்டிருக்கும்போது மானத்தைப் பற்றி யோசித்த ஆள் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

மேலேயிருந்து நீளமாக ஹாரன் ஒலித்தது. கிரேன் நின்றது. நில் என்று சொன்னது அண்ணியேதான்.

வாக்கிடாக்கியில் குரல் வந்தது. கொஞ்சமும் பதறாத குரல். "தம்பி, கண்ணைத் திருப்பினா தலை சுத்துது. நீ நேரா என் முன்னால வந்து நில்லு. நான் உன் கையை மட்டும்தான் பாப்பேன். எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லு."

குச்சி ஓடினான். எல்லோரையும் விரட்டிவிட்டு, அண்ணி கண்ணைத் திருப்பாமலே பார்க்கிற இடத்தில் நின்றான். ஆட்டம் தானாக அடங்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அப்புறம் விரலைக் கீழே நீட்டி, மேலே இடது உள்ளங்கையைப் பிடித்தான். பாரம் அங்குலம் அங்குலமாக இறங்கியது. தரையைத் தொட்டபோது ஒரு கண்ணாடியும் கீறவில்லை. குச்சியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி ஏணியில் ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்கி வந்தார். சூப்பர்வைசர் காத்திருந்தார். அவர் ரகசியம் பேசினாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும் என்பதால் மைக்செட் என்று பெயர். "என்னம்மா ஆச்சு?" என்று அவர் கேட்டது தளம் முழுக்கக் கேட்டது.

"வெயிலுன்னு சொல்லுங்க அண்ணி" என்று குச்சி காதோரம் கிசுகிசுத்தான்.

அண்ணி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மனசுக்கு மாத்திரை சாப்பிட்டுட்டிருந்தேன் சார். டாக்டரைக் கேக்காம நானா நிறுத்திட்டேன். இன்னைக்கு மேல ஏறினதே தப்பு. நான் சரியாகுற வரைக்கும் என்னை ஏத்தாதீங்க" என்றார்.

அத்தனை பேர் முன்னால். சீப்பு வாருவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். மாத்திரையைக் குப்பையில் போட்ட அன்று கை தட்டிய குச்சிக்கு, கை தட்ட வேண்டியது இதற்கு என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கே அண்ணனையும் சேர்த்து மூன்று பேருமாக டாக்டரம்மாவிடம் போனார்கள். அண்ணி சொன்னதையெல்லாம் அவர் கேட்டார். எப்போது நிறுத்தினீர்கள், எப்போது இது ஆரம்பித்தது, முன்பு படுத்திருந்த காலத்தில் இந்த மின்சாரச் சுண்டல் இருந்ததா என்று கேட்டார்.

"அப்ப இதெல்லாம் இல்லை. அது மெள்ள மெள்ள மூடிக்கிட்டு வந்துச்சு. இது சுரீர்னு வருது" என்றார் அண்ணி.

"அப்ப பழசு திரும்பிடுச்சுன்னு பயப்படாதீங்க. இது மருந்தைத் திடீர்னு நிறுத்தினதால வர்ற தொல்லை. உடம்பு அதுக்குப் பழகியிருக்கு, சட்டுனு பிடுங்கினா தடுமாறத்தான் செய்யும். மறுபடி ஆரம்பிப்போம். அடங்கினதும் நான் சொல்றபடி கொஞ்சங்கொஞ்சமா குறைப்போம். கஷ்டமா இருந்தா என்கிட்ட வாங்க, நீங்களா எதையும் முடிவு பண்ணாதீங்க. மாசக்கணக்கா ஆகலாம், பரவாயில்லையா?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாள் பூரா பாரத்தை மெதுவா இறக்குறதுதான் டாக்டர் என் வேலை. இதை மட்டும் மேலேயிருந்து கைவிட்டிருக்கேன் பாருங்க!"

சொல்வது சுலபம். அனுபவித்த மாதங்கள் சுலபமாக இல்லை. அண்ணிக்குத் தரையில் வேலை கொடுத்தார்கள். ஸ்டோர் அறையில் உட்கார்ந்து கொக்கிகளையும் இரும்புக் கயிறுகளையும் சோதிப்பது. ஜன்னல் வழியே பார்த்தால் தன் கூண்டில் சீப்பு. ஒவ்வொரு தடவை மாத்திரை குறையும்போதும் சில நாள் தலை சுண்டும், வயிறு புரட்டும், வார்த்தை முள்ளாகும். வீட்டில் அவர் குரல் ஏறினால் அண்ணன் பதிலுக்குக் கத்துவதை விட்டுவிட்டு, விரலுக்கு மேல் உள்ளங்கையைப் பிடித்துக் காட்டுவார். அதையும் தப்பாகப் பிடிப்பார். "அது மெதுவா இல்லைங்க, குடை!" என்று அண்ணி திட்டிக்கொண்டே சிரித்துவிடுவார்.

ஒரு மத்தியானம் குச்சி ஸ்டோருக்குள் போனபோது அண்ணி ஒரு கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவன் பதறிப்போய் நின்றான்.

"ஒண்ணுமில்லை. துக்கம் எதுவும் இல்லை, கண்ணுதான் ஒழுகுது. சளி பிடிச்சா மூக்கு ஒழுகுதில்ல, அதுமாதிரி. இந்தக் கொக்கியில விரிசல் இருக்கு, தனியா எடுத்து வை" என்றார். அவன் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான். முடி அளவுக்கு ஒரு விரிசல் இருக்கத்தான் செய்தது. இந்த மனுஷிக்கு முன்னால் நாமெல்லாம் எந்த மூலைக்கு என்று அவனுக்குத் தோன்றியது.

பாதி தூரம் வந்தபிறகு ஒருமுறை தாங்க முடியாமல் போனது. கடைசியாகக் குறைப்பதற்கு முந்தைய அளவுக்கே திரும்பிப் போகலாம் என்றார் டாக்டரம்மா. குச்சிக்கு முகம் தொங்கிப்போயிற்று. "இவ்வளவு கஷ்டப்பட்டும் மறுபடி ஏத்தணுமா அண்ணி?"

"பாரம் கோணலா இறங்கினா நாம என்ன பண்ணுவோம்? கொஞ்சம் தூக்கி, நேராக்கி, மறுபடி இறக்குவோம். அதுக்கு யாராவது ஒப்பாரி வைப்பாங்களா? போய் முகத்தைக் கழுவு" என்றார் அண்ணி.

இதற்கிடையில் மைக்செட் ஸ்டோருக்கே வந்துவிட்டார். சீப்பு இறக்குகிற பாரமெல்லாம் தொம் தொம் என்று விழுந்ததில் அவருக்கு உயிர் போய் உயிர் வந்துகொண்டிருந்தது. "பாக்க நல்லாத்தானேம்மா இருக்கே? நாளைக்கே ஏறிடேன். இப்படியே போனா மேலிடம் அந்த சீட்டை அவனுக்கே எழுதிக் கொடுத்துடும், அப்புறம் என் கையில இல்லை" என்றார்.

கொக்கி எடுத்துப்போக வந்த குச்சி அங்கேயே நின்றுவிட்டான். அண்ணி ஜன்னல் வழியே கூண்டை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த ஆசையை அவன் கண்டான். சரி என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தான்.

"கொடுத்தா கொடுக்கட்டும் சார். நேத்துகூட ஒரு தடவை தலை சுண்டுச்சு. டாக்டர் ஏறலாம்னு சொல்ற வரைக்கும் ஏற மாட்டேன்." சொல்லிவிட்டு, கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினார். மைக்செட் வந்த வழியே திரும்பினார். நில் காட்டியவரிடம் காரணம் கேட்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அண்ணியின் இருக்கை சிதறாமல் தப்பியதற்குச் சீப்பும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாவிட்டால் பாவம். "அவங்க வர்ற வரைக்கும் பாத்துக்கிறேன். எனக்கு எழுதிக் கொடுத்தாலும் வேணாம். அன்னைக்கு நானா இருந்தா வெயிலுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்று அவனே மேலிடத்தில் சொன்னானாம்.

கடைசி மாத்திரையும் நின்றது. அதற்கப்புறமும் டாக்டரம்மா கொஞ்சகாலம் பொறுத்துப் பார்த்தார். தலை சுண்டவில்லை. அண்ணிக்குத் தூக்கம் வந்தது, சோப்பு விளம்பரம் வெறும் சோப்பு விளம்பரமாக இருந்தது. கம்பெனி டாக்டரும் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "மறுபடி எப்பவாவது தேவைப்பட்டா வெக்கப்படாம வாங்க" என்று டாக்டரம்மா சொன்னதற்கு, "ஓடியே வருவேன்" என்றார் அண்ணி.

அண்ணி ஏறிய காலையில், வேலை இருந்தவன் இல்லாதவன் எல்லோரும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். முதல் பாரம் ஒரு கம்பிக்கட்டு, மேல்தளத்திலிருந்து கீழே வர வேண்டும். குச்சி நடுவில் நின்றான். வலது விரலைக் கீழே நீட்டினான். இடது கை தானாகப் போய் மேலே கவிழ்ந்துகொண்டது. வீட்டில் அத்தனை மாதம் பார்த்துப் பழகிய சைகை. பாரம் எறும்பு ஊர்வது போல இறங்கியது. பாதி மாடி தாண்டவில்லை. அவன் கண் கலங்கிப் போயிருந்தது, கையை எடுக்கத் தோன்றவில்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது. "கொழுந்தனாரே, தரை இன்னும் எவ்வளவோ கீழே இருக்கு. என்னை நம்பலாம், அந்தக் கையை எடுங்க."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். குச்சியும் சிரித்தான். இடது கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.